பேராசிரியரிடமும் சான்று கேட்கும் கலைக்களஞ்சியம்

மே தினத்தின் வேர் சிகாகோவில் இருப்பது நமக்குத் தெரிந்த கதை. 1886 மே 4 இரவு அந்த நகரத்து ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ குண்டு வீசினார்கள். காவலர்கள் ஏழு பேர் இறந்தார்கள். எட்டு அராஜகவாதிகள் மீது வழக்கு நடந்து, நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குண்டை எறிந்தவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

இந்த வழக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் திமோத்தி மெஸ்ஸர்-குரூஸ். வரலாற்றாய்வாளர், அமெரிக்காவின் பௌலிங் கிரீன் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆங்கில விக்கிப்பீடியாவின் ஹேமார்க்கெட் கட்டுரையில், குற்றம் சாட்டப்பட்டவர்களைக் குண்டுவெடிப்போடு இணைக்கும் எந்தச் சான்றையும் அரசுத் தரப்பு முன்வைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அவரோ விசாரணைப் பதிவுகளையே படித்தவர். வாரக்கணக்கில் நடந்த விசாரணை அது. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்து போயிருக்கிறார்கள். சான்று போதுமானதா என்று வாதிடலாம், சான்றே வைக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. அந்த வரியை நீக்கினார். சில நிமிடங்களில் அது பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

மூல ஆவணங்களைக் காட்டினார். நீங்களே ஆவணத்தைப் படித்துச் சொல்வது போதாது, அதைப் பற்றி வேறெங்காவது நம்பகமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். ஆய்விதழில் வந்த தன் கட்டுரையைக் காட்டினார். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் வேறு மாதிரி எழுதியிருக்கும்போது ஒருவருடைய கருத்துக்கு அளவுக்கு மீறிய இடம் தர முடியாது என்றார்கள். 1888-ல் வானம் பச்சையாக இருந்தது என்று ஒருவர் தவிர மற்ற எல்லா வரலாற்றாசிரியர்களும் எழுதியிருந்தால், 'பெரும்பாலானோர் பச்சை என்கிறார்கள், ஒருவர் நீலம் என்கிறார்' என்றுதான் நாங்கள் எழுத வேண்டியிருக்கும் என ஒரு பயனர் விளக்கமும் கொடுத்தார். மெஸ்ஸர்-குரூஸ் காத்திருந்தார். 2011-ல் அவருடைய நூல் வெளிவந்தது. மறுபடியும் திருத்தினார், மறுபடியும் நீக்கினார்கள். 2012 பிப்ரவரியில் உயர்கல்விக்கான ஓர் அமெரிக்க இதழில் நடந்ததையெல்லாம் எழுதினார். அது பரவலாகப் பேசப்பட்ட பிறகுதான் விக்கிப்பீடியர்கள் கூடி விவாதித்து அந்தப் பகுதியைச் சீர்செய்தார்கள்.

விவரம் தெரியாதவர்கள் ஓர் அறிஞரை விரட்டியடித்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. இங்கே சான்று கேட்கும் விதி சரியானது. அதைக் கையாண்ட விதம்தான் சோம்பேறித்தனமானது. நூறாண்டாக ஒரே செய்தியை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்து நூல்களும், பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிய ஒரு நூலும் தராசில் ஒரே எடை பெறக் கூடாது. நூல்களை எண்ணிப் பார்ப்பது எளிது, எடைபோடுவதற்குத் துறை அறிவு வேண்டும். அந்த அறிவோடு வந்தவரைத்தான் அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் விதி ஏன் அப்படி இருக்கிறது? விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பேராசிரியர் என்று சொல்லிக்கொள்ள எவராலும் முடியும். இதற்கு நடந்த சாட்சியம் இருக்கிறது. 2006-ல் நியூயார்க்கர் இதழ் விக்கிப்பீடியா பற்றிய நீண்ட கட்டுரையில் ஒரு முக்கியப் பயனரை, சமயத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற நிரந்தரப் பேராசிரியர் என்று அறிமுகம் செய்தது. சர்ச்சைக்குரிய கட்டுரைகளில் அவர் தன் பட்டத்தைச் சொல்லியே வாதத்தை முடித்துவைத்ததும் உண்டு. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தெரிந்தது, அவர் 24 வயது இளைஞர், சொன்ன பட்டம் எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு பட்டங்களைச் சரிபார்க்கும் முறை கொண்டுவரலாம் என்ற யோசனைகூட எழுந்தது. விக்கிப்பீடியர் சமூகம் அதை ஏற்கவில்லை. எழுதுபவர் யார் என்பதைவிட எழுதியதற்குச் சான்று எங்கே என்று கேட்பதே பாதுகாப்பு என்ற நிலையிலேயே அது நின்றது. 'சொந்த ஆய்வு கூடாது' என்ற விதியும் இதே காரணத்தால் வந்ததுதான். புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. நிஜமான கண்டுபிடிப்பாளரையும் மற்றவர்களையும் பிரித்தறிய ஒரு தன்னார்வலர் கையில் கருவி கிடையாது. அந்த வேலையை ஆய்விதழ்களும் பதிப்பகங்களும் முதலில் செய்து முடிக்கட்டும் என்று விக்கிப்பீடியா காத்திருக்கிறது.

தொடக்கத்தில் திட்டமே வேறாக இருந்தது. 2000-ல் ஜிம்மி வேல்ஸ் தொடங்கிய நுப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் முழுக்க முழுக்க அறிஞர்களை நம்பியது. தலைமை ஆசிரியர் லாரி சாங்கர் தத்துவத்தில் முனைவர். எழுதுபவரும் மதிப்பிடுபவரும் துறை வல்லுநர்களாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். 2003-ல் அதை மூடும்போது எல்லாக் கட்டங்களையும் தாண்டி முடிந்திருந்தவை சுமார் 25 கட்டுரைகள். நுப்பீடியாவுக்கு வரைவுகள் தயாரித்துத் தரும் பக்கத்துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியதுதான் விக்கிப்பீடியா. ஓராண்டுக்குள் அதில் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. சாங்கர் 2002-ல் விலகினார். அறிஞர்களை மதிக்காத போக்கு விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கோளாறு என்று 2004-ல் எழுதினார். பிறகு சிட்டிசண்டியம் என்று இன்னொரு கலைக்களஞ்சியத்தை 2007-ல் மக்கள் முன் வைத்தார். எல்லோரும் சொந்தப் பெயரில் எழுத வேண்டும், துறை வல்லுநர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. அதுவும் வளரவில்லை. எழுதுபவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தார்கள்.

ஏன்? அறிஞர்களுக்கு நேரமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது உண்மைதான், ஆனால் முழுமையில்லை. நேரத்தை எங்கே செலவிட்டால் கணக்கில் வரும் என்பதே கேள்வி. 2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் விக்கிப்பீடியாவின் 42 அறிவியல் கட்டுரைகளை பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்ததில், விக்கிப்பீடியாவில் 162 தவறுகளும் பிரிட்டானிகாவில் 123 தவறுகளும் கிடைத்தன. பெரிய பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. இந்த ஒப்பீட்டு முறையை பிரிட்டானிகா கடுமையாக மறுத்தது, அந்தச் சண்டை அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதே சமயத்தில் நேச்சரில் எழுதிய 1,000-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்களிடம் நடத்திய கருத்துக்கேட்பு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் விக்கிப்பீடியாவை அறிந்திருந்தார்கள். அதைத் திருத்த உதவியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எனக்கு 162, 123 என்ற எண்களைவிட இந்த எண்தான் முக்கியமாகத் தெரிகிறது. தவறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், திருத்த வரவில்லை.

வராததால் என்ன இழப்பு என்பதற்கு 2018 நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதித் தந்த வரைவை, அவர் குறிப்பிடத்தக்கவர் என்று காட்டும் சுதந்திரமான சான்றுகள் போதவில்லை என்று சொல்லி ஒரு தன்னார்வலர் திருப்பி அனுப்பியிருந்தார். நெறியாளர் ஜெரார் மூருவோடு சேர்ந்து 1985-ல் ஸ்ட்ரிக்லாண்ட் வெளியிட்ட லேசர் துடிப்புப் பெருக்க முறை கண் அறுவை சிகிச்சை வரை வந்து சேர்ந்திருக்கிறது. லேசர் துறையில் இருந்த யாரும் அந்த வரைவைப் பார்த்திருந்தால், இன்னின்ன நூல்களில் தேடுங்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள். துறைக்குள் இருப்பவருக்குத் தெரியும் விஷயம் வெளியே உள்ளவருக்குத் தெரிய வழியில்லாமல் போனது, அவ்வளவுதான்.

சரி, அறிஞர்கள் வந்த இடங்களில் என்ன நடந்தது? இதில் எனக்கு மிகவும் பிடித்தது, உயிரணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறுகளை ஆராய்பவர்களின் கதை. இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிறுவனத்தில் (லாரி சாங்கருக்கும் இதற்கும் தொடர்பில்லை) ஆர்ஃபாம் என்ற தரவுத்தளம் இருந்தது. ஆர்.என்.ஏ. மூலக்கூறு குடும்பங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி வைப்பது அதன் வேலை. விளக்கம் எழுத ஆள் போதவில்லை. 2007-ல் அவர்கள் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். விளக்கங்கள் எல்லாவற்றையும் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுபோய் அங்கேயே வளரவிட்டு, தரவுத்தளம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். யாரோ வந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் மாற்றங்களைப் பார்த்து ஏற்ற பிறகே தரவுத்தளத்தில் காட்டினார்கள். கெடுத்தவர்களைவிடச் செப்பனிட்டவர்களே அதிகமாக வந்தார்கள்.

அப்புறம் 2008 இறுதியில் ஆர்.என்.ஏ. பயாலஜி என்ற ஆய்விதழ் இன்னொரு படி மேலே போனது. ஆர்.என்.ஏ. குடும்பங்களைப் பற்றிய பகுதியில் கட்டுரை வெளியிட விரும்பும் ஆய்வாளர், அதே பொருளில் ஒரு விக்கிப்பீடியா பக்கத்தையும் எழுதித் தர வேண்டும்; கட்டுரையோடு அந்தப் பக்கமும் மதிப்பீட்டுக்குப் போகும். இங்கே யாருடைய நல்லெண்ணத்தையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளருக்கு வேண்டிய ஆய்வுக்கட்டுரை அவருக்குக் கிடைக்கிறது, பொதுமக்களுக்கு வேண்டிய விளக்கம் விக்கிப்பீடியாவுக்குப் போகிறது. சான்று கேட்கும் விதியோடும் மோதல் இல்லை, ஏனென்றால் சான்று அதே இதழில் அச்சாகிக் கிடக்கிறது. பி.எல்.ஓ.எஸ். கம்ப்யூட்டேஷனல் பயாலஜி இதழ் 2012-ல் தொடங்கிய பகுதியும் இதே வழியில் போனது. அங்கே மதிப்பீடு முடிந்து வெளியாகும் கட்டுரை, விக்கிப்பீடியாவில் ஒரு பக்கமாகவும் குடியேறும்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. கனடாவின் அவசரப் பிரிவு மருத்துவர் ஜேம்ஸ் ஹைல்மனும் விக்கிப்பீடியாவின் மருத்துவக் குழுவினரும் டெங்குக் காய்ச்சல் கட்டுரையை வரிவரியாகச் சீர்செய்து, 2014-ல் ஓப்பன் மெடிசின் என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். வழக்கமான மதிப்பீட்டைத் தாண்டி அது வெளியானது. பலர் கைபட்ட ஒரு விக்கிப்பீடியா கட்டுரை மருத்துவ ஆய்விதழில் இடம்பெற்ற அந்த நிகழ்வு முக்கியமானது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்கு பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஊரில் இருந்து பார்க்கும்போது, மருத்துவர்கள் உட்கார்ந்து சரிபார்த்த ஒரு பொதுப் பக்கத்தின் அருமை நன்றாகவே தெரிகிறது. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தும் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பாட மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியது.

பொருளாதார அறிஞர்களிடம் நடத்திய ஒரு களச் சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யான் சென்னும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 4,000 பொருளாதார அறிஞர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவரவர் துறைக் கட்டுரைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். கணிசமானவர்கள் ஆர்வம் காட்டினார்கள். உங்கள் ஆய்வு அந்தக் கட்டுரையில் மேற்கோளாக இடம்பெறக்கூடும் என்று சேர்த்துச் சொன்னபோது ஆர்வம் மேலும் கூடியது. இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அவர்களைக் கட்டுரையில் நேராகக் கைவைக்கச் சொல்லவில்லை. அவர்கள் தந்த கருத்துகளை ஒரு தானியங்கி நிரல் அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது அந்தக் கட்டுரையைப் பற்றிக் கலந்துபேசும் இடத்தில், கொண்டுபோய்ப் போட்டது. விக்கிக் குறியீடுகளைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, யாரும் வந்து நீக்கிவிடுவார்கள் என்ற எரிச்சலும் இல்லை. கருத்தை எடுத்துக் கட்டுரையில் சேர்ப்பது பழகிய தன்னார்வலரின் வேலை. மெஸ்ஸர்-குரூஸ் மாதிரியானவர்களுக்கு இந்த வாசல் முதலிலேயே காட்டப்பட்டிருந்தால் எத்தனையோ கசப்பைத் தவிர்த்திருக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, அறிஞர்களுக்குத்தான் ஆய்விதழ்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஆய்விதழில் எழுதுபவர்களே விக்கிப்பீடியாவைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பதே பதில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நீல் தாம்ப்சனும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஹான்லியும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனையாகவே செய்து காட்டியது. வேதியியலில் விக்கிப்பீடியாவில் இல்லாத தலைப்புகளுக்கு ஆய்வு மாணவர்களைக் கொண்டு கட்டுரைகள் எழுதவைத்தார்கள். குலுக்கல் முறையில் பாதியை வெளியிட்டார்கள், மீதியை வைத்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஆய்விதழ்களின் சொற்களையும் நடையையும் அலசியபோது, வெளியிட்ட கட்டுரைகளின் தடம் அறிவியல் எழுத்திலேயே தெரிந்தது. கட்டணம் கட்டிப் படிக்கும் ஆய்விதழ்கள் எட்டாத இடங்களில் இருப்பவர்களுக்கே பலன் அதிகம் என்பதும் அவர்கள் கண்டது. 2022-ல் தாம்ப்சன் அயர்லாந்துச் சட்ட அறிஞர்களோடு சேர்ந்து இதையே நீதிமன்றத் தீர்ப்புகளில் செய்து பார்த்தார். விக்கிப்பீடியாவில் கட்டுரை கிடைத்த அயர்லாந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பிற நீதிபதிகள் மேற்கோள் காட்டுவது 20 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. ஒரு மாணவர் எழுதிய பக்கம் நீதிபதியின் மேசை வரை போகிறது என்றால், அந்தப் பக்கத்தைத் துறை தெரிந்தவர் ஒருமுறை பார்த்துவிடுவது எவ்வளவு அவசியம்!

இந்தியாவில் இது எப்படிப் போனது என்பதற்கு 2011 புனே முயற்சியைச் சொல்லலாம். விக்கிமீடியா அறக்கட்டளை அங்குள்ள சில கல்லூரிகளோடு சேர்ந்து, மாணவர்கள் பாட வேலையாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். காப்புரிமை மீறல்களைத் தேடித் துடைப்பதற்குள் தன்னார்வலர்கள் ஓய்ந்துபோனார்கள். சில மாதங்களிலேயே திட்டம் நின்றது. மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சொந்த வாக்கியத்தில் எழுது, எடுத்த இடத்தைச் சொல் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியவர் ஆசிரியர். அவருக்கோ அந்த நேரம் எந்தப் படிவத்திலும் ஏறாது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் கொண்டுவந்த மதிப்பெண் முறையில் ஆய்விதழ்க் கட்டுரைக்குப் புள்ளி இருந்தது, நூலுக்கு இருந்தது, கருத்தரங்குக்கு இருந்தது. லட்சம் பேர் படிக்கும் விக்கிப்பீடியா கட்டுரைக்கு இல்லை. 2018 விதிமுறைகளில் இணையவழிப் பாடங்களுக்கும் மின்னுள்ளடக்கத்துக்கும் புள்ளிகள் வந்துவிட்டன. அந்த வரிசையில் இதையும் சேர்ப்பதற்குப் பெரிய தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யார் எந்த வாக்கியத்தை எந்த நாளில் சேர்த்தார் என்பது விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. சரிபார்க்க இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைக்காது.

தமிழுக்கு வந்தால் பிரச்சினையின் முகமே மாறிவிடுகிறது. நம்மிடம் ஒரு பெரிய முன்மாதிரி இருந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் துறை அறிஞர்கள் எழுதியவை. இணையத்தில் 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ தன்னார்வலர்கள் தோளில் ஏறி வந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பணி செய்து, 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது பெற்ற இ. மயூரநாதன் இலங்கையில் பிறந்த கட்டடக்கலைஞர். வாட்டர்லூ பல்கலைக்கழக மின்பொறியியல் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் போன்ற சிலர் அறிவியல் பக்கங்களுக்கு உழைத்தார்கள். இன்று 1.5 லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் 2022-ல் தொடங்கிய தமிழ் விக்கி வேறு பாதையில் போகிறது. இலக்கியம், பண்பாடு ஆகியவற்றையே மையமாக வைத்து, ஆசிரியர் குழு பார்த்த பிறகே கட்டுரையை இறுதி செய்கிறது. எல்லையைச் சுருக்கிக்கொண்டால் வல்லுநர் மேற்பார்வை சாத்தியம்தான் என்பதற்கு அது சான்று.

ஆங்கிலத்தில் ஒரு பேராசிரியர் திருத்தினால் சில நிமிடங்களில் யாரோ வந்து சான்று எங்கே என்று கேட்கிறார். தமிழில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. ஒரு துறைக்கே ஒருவரோ இருவரோதான் எழுதுகிறார்கள். தவறான தகவல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், சரியான தகவலும் பாராட்ட ஆளில்லாமல் கிடக்கும். அதைவிடப் பெரிய தட்டுப்பாடு, தமிழில் சுட்டிக்காட்டத்தக்க சான்றுகள். நாட்டார் தெய்வங்கள், ஊர்க்கோயில்கள், சிற்றிதழ்கள், வட்டார வேளாண்மை இவற்றைப் பற்றி எழுதும்போது தன்னார்வலர் ஒவ்வொரு வரிக்கும் திண்டாடுகிறார். ஈழத்து நூல்களுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் கைகொடுக்கிறது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் இதே பொருள்களில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. மானியக் குழுவின் 2009 விதிமுறை, ஆய்வேடுகளை மின்வடிவில் தரச் சொன்னது. அதன்படி காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் நாடு முழுவதிலுமிருந்து பல லட்சம் ஆய்வேடுகள் ஏறியிருக்கின்றன. தமிழில் எழுதியவையும் அவற்றில் உண்டு. பட்டம் பெற்று வெளியான ஆய்வேட்டை விக்கிப்பீடியா கவனத்தோடு சான்றாக ஏற்கிறது. ஆனால் அவற்றில் எது களத்துக்குப் போய் எழுதியது, எது முந்தைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதியது என்பது தன்னார்வலருக்குத் தெரியாது. நெறியாளராக இருந்த பேராசிரியருக்குத் தெரியும். அவர் கட்டுரை எழுத வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தன் துறையில் நம்பத்தக்க ஆய்வேடுகள் இவை, இந்தத் தகவல் இன்ன இயலில் இருக்கிறது என்று அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். 'மேற்கோள் தேவை' என்ற குறிப்போடு காத்திருக்கும் வரிகளுக்கு அருகே சான்றைச் சேர்க்கும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.